தையல் பிரியவில்லை, துணிதான் நகர்ந்தது

சோஃபா வந்து ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால் அம்மா பழைய பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வலிக்கு எழுந்திருக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று உயரம் பார்த்து, ஃபோம் எவ்வளவு அமுங்குகிறது என்று பார்த்து, அந்த சோஃபாவை வாங்கியதே அவருக்காகத்தான். ஏன் அங்கே உட்காரவில்லை என்று கேட்டேன். முதலில் "சும்மாதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "எழுந்திரிக்கும்போது ஓரத்தப் புடிச்சு அழுத்துறேன்ல, அதுல கிழிஞ்சுபோச்சுடி. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன்" என்றார்.

நான் இருபது வருஷமாகத் துணி தைக்கிறவள். குனிந்து பார்த்ததுமே தெரிந்தது, கிழியவில்லை.

குஷனின் முன் ஓரத் தையலை ஒட்டி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வாய் திறந்திருந்தது. ஆனால் தையல் நூல் அறுபடவில்லை. ஊசி போன ஓட்டைகள்கூட வரிசையாக அப்படியே இருந்தன. தையலுக்கு அந்தப் பக்கம் பட்டையாகக் கொஞ்சம் துணி, இந்தப் பக்கம் மீதித் துணி, நடுவில், நெசவில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய பாவு நூல்கள் மட்டும் ஏணிப்படி மாதிரி வெறுமனே நின்றன. அவற்றை மூடியிருக்க வேண்டிய, குறுக்கே ஓடும் தடித்த ஊடை நூல்கள் பின்னால் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று நெருக்கிக் கிடந்தன. ஸ்கேல் வைத்து அளந்தேன். அகலமான இடத்தில் 6 மில்லிமீட்டர்.

இந்தத் துணிக்குப் பெயர் ஷெனில். பிரெஞ்சில் கம்பளிப்பூச்சி என்று அர்த்தம். அந்த நூலைத் தனியாக உருவி எடுத்துப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்: இரண்டு மெல்லிய நூல்களை முறுக்கி, அந்த முறுக்குக்குள் குட்டிக் குட்டி ரோமங்களைச் செருகியிருப்பார்கள். தொட மெத்தென்று இருப்பதற்கு அதுதான் காரணம். நூல் தடிப்பாகவும் பாவு இடைவெளி விட்டும் இருந்தால் அது எளிதில் வழுக்கும். அதனால் இப்படிப்பட்ட துணிகளின் உள்பக்கத்தில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்பார்கள். பேக் கோட்டிங் என்பார்கள். நூல்களைப் பிடித்து வைப்பது அதுதான்.

கடைக்குப் போன் செய்தேன். படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. இந்தத் துணி 40,000 ரப் கவுண்ட் (தேய்ப்பு எண்ணிக்கை) உள்ளது, இதில் குறை இருக்க வாய்ப்பில்லை, ஒரே ஆள் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுந்ததால் வந்த தேய்மானம், வாரண்டியில் வராது என்று. பக்கத்தில் இருந்த அம்மா அதைக் கேட்டுவிட்டார். "நான்தான் சொன்னேன்ல, விட்டுடுடி" என்றார். அந்த வார்த்தைதான் என்னை விட முடியாமல் செய்தது. ஒரு துணி ஆலையிலோ தையல் கூடத்திலோ நடந்த பிழையை, வலியோடு எழுந்து உட்காருகிற ஒரு மனுஷி தன் தலையில் போட்டுக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த 40,000 என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சோஃபா வாங்கப் போகும் எல்லோருக்கும் இதைத்தான் முதலில் காட்டுவார்கள். மார்ட்டிண்டேல் என்று ஒரு சோதனை. 38 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டத் துணியை வெட்டி, மேலே எடை வைத்து, ஒரு கம்பளித் துணியின் மீது திசை மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். எத்தனை தேய்ப்பில் நூல் அறுகிறது என்பதுதான் அந்த எண். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வட்டத்தில் தையலே கிடையாது! தையல் ஓரத்தில் இழுத்தால் நூல் எவ்வளவு நகரும் என்று பார்க்கத் தனிச் சோதனை இருக்கிறது: துணியை மடித்துத் தைத்து, இரண்டு பக்கமும் பிடித்துக் குறிப்பிட்ட விசையில் இழுத்து, தையலில் விழும் இடைவெளியை மில்லிமீட்டரில் அளப்பது. முதலில் சொன்ன சோதனையில் பிரமாதமாகத் தேறும் துணி இரண்டாவதில் தோற்கலாம். உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டுவதும் அப்படித்தான், அதற்கும் வேறு சோதனை, 1 முதல் 5 வரை தரம் போடுவார்கள். ஆக, தேய்ப்பு எண்ணை வைத்துத் தையல் பிரச்சினைக்குப் பதில் சொல்வது, கண் வலி என்று போனவருக்குக் காதைப் பார்த்து அனுப்புவது போல.

இதைச் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். அன்று ராத்திரி மூன்று இருக்கைக் குஷன்களின் ஜிப்பையும் திறந்தேன். (ஜிப் இருக்கிறது என்பதற்காக உறையைக் கழற்றித் துவைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது ஃபோமை உள்ளே நுழைக்க வைத்தது. துவைத்தால் சுருங்கும், கோட்டிங்கும் போகும், அப்புறம் உங்கள் புகாருக்கும் மதிப்பு இருக்காது.) உறையை உள்பக்கம் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். அம்மா உட்காரும் குஷனில் நூல்கள் வெறுமனே இருந்தன. நகத்தால் தள்ளினால் ஒதுங்கின. நடுக் குஷனும் அப்படியே. ஆனால் மூன்றாவது குஷனின் உள்பக்கத்தில் வெண்மையாக ஒரு படலம், தடவினால் லேசாக ரப்பர் மாதிரி பிடித்தது. நகத்தை அழுத்தி இழுத்தேன், நூல் அசையவில்லை.

ஜிப்புக்குக் கீழே மடிப்பில் சின்னச் சீட்டு தைத்திருந்தது. முதல் இரண்டிலும் ஒரே லாட் நம்பர் (துணி எந்தத் தொகுப்பில் வந்தது என்ற எண்), மூன்றாவதில் வேறு. பார்க்க ஒரே நிறம், ஒரே துணி.

நடுக் குஷனில் அம்மா உட்காருவதே இல்லை. யாருமே அதிகம் உட்காருவதில்லை, அங்கே மடித்த துணிதான் கிடக்கும். அதன் முன் ஓரத்திலும் 2 மில்லிமீட்டர் திறந்திருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தார்.

நகத்தால் தள்ளுவதை மூன்று உறையிலும் வீடியோ எடுத்தேன். ஸ்கேலோடு படம், சீட்டுகளின் படம், நடுக் குஷனின் ஓரம், எல்லாம் சேர்த்து, போனில் பேசாமல் எழுத்தில் அனுப்பினேன். வெளியே வந்த நூலை ஒன்றுகூட நறுக்கவில்லை. கை பரபரத்தது, ஆனால் நறுக்கினால் அதையே காரணமாகச் சொல்லிவிடுவார்கள். முதல் வாரத்தில் சாய்மானத்தில் தெரிந்த வெளிர்த் திட்டைப் பற்றி எதுவும் எழுதவில்லை. ரோமம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிறம் மாறித் தெரியும், அது குறை இல்லை. மென்மையான பிரஷ்ஷால் எதிர்த்திசையில் வாரியதும் சரியாகிவிட்டது. குறை இல்லாததையும் சேர்த்துக் கொட்டினால் உண்மையான குறை அதில் அமுங்கிவிடும்.

நாலு நாள் கழித்து ஒரு தம்பி வந்தார். நல்ல பையன், வேலை தெரிந்தவர். பார்த்ததுமே, "மேடம், ஒரு சென்டிமீட்டர் உள்ள தள்ளித் தச்சிடறேன், தெரியாது" என்றார். வேண்டாம் என்றேன். உள்ளே தள்ளித் தைத்தால் உறை சின்னதாகும், ஃபோம் அதே அளவு, தையலில் இழுவை கூடும். நகரும் நூல் இன்னும் சீக்கிரம் நகரும். பின்னால் கேன்வாஸ் ஒட்டலாமா என்று கேட்டார். காலருக்கு ஒட்டும் கேன்வாஸ், தினமும் ஆள் உட்காரும் எடையைத் தாங்காது, கொஞ்ச நாளில் உரிந்துவிடும். அவரும் தைக்கிறவர், நானும் தைக்கிறவள். இரண்டு உறையையும் அவர் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். "இதுல கோட்டிங்கே விழல மேடம்" என்றார். அதையே அவருடைய ரிப்போர்ட்டில் எழுதச் சொன்னேன், எழுதினார். அதில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

அதற்குப் பிறகு கடைக்காரர்கள் இரண்டு உறையை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். மூன்றையும் ஒரே ரோலிலிருந்து வெட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தேன். சாயம் ஒவ்வொரு முறை போடும்போதும் துளி மாறும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணில் அடிக்கும். தைப்பதற்கு முன் ஒரு துண்டு அனுப்பச் சொல்லி, வாங்கி, நகத்தால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். இதற்கெல்லாம் ஒன்றரை மாதம் ஆனது.

அதே தம்பிதான் புது உறைகளோடு வந்தார். பிளாஸ்டிக் கவரைப் பிரித்து முதல் உறையை ஃபோமில் மாட்டப் போனார். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா கையை நீட்டி, "இங்க குடுப்பா" என்று வாங்கி, உள்பக்கத்தைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார்.