எந்தப் பங்கு என்பது கடைசிக் கேள்வி

முதலீட்டுக்குப் புதியவர்கள் பெரும்பாலும் "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதற்கு முன் கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அடைத்துவிடுங்கள். 24 சதவீத வட்டிக் கடனை அடைப்பது 24 சதவீத உறுதியான வருமானத்துக்குச் சமம். சந்தையில் அப்படி உத்தரவாதம் கொடுப்பவர் யாராவது வந்தால் எழுந்து போய்விடுவது நல்லது.

அடுத்து, மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான பணம், நினைத்தவுடன் எடுக்கும்படி தனியாக இருக்கட்டும். இது இல்லாதவர்தான் சந்தை சரிந்த நேரத்தில் அவசரத்துக்கு நஷ்டத்தில் விற்கிறார். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணமும் பங்குப் பக்கம் போகக் கூடாது.

மிச்சப் பணத்தில் பங்குக்குப் போகும் பகுதிக்கு, சந்தைக் குறியீட்டை (முக்கியப் பங்குகளின் மொத்த ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்ணை) அப்படியே பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் போதும். அதிலும் முதலில் பார்க்க வேண்டியது கடந்த ஆண்டு லாபத்தை அல்ல, செலவு விகிதத்தை, அதாவது ஃபண்ட் ஆண்டுதோறும் எடுத்துக்கொள்ளும் கட்டணத்தை. ஒரு லட்சம் 30 ஆண்டுகள் 8 சதவீதத்தில் வளர்ந்தால் சுமார் 10.06 லட்சம். ஃபண்ட் கட்டணமாக ஆண்டுக்கு 1 சதவீதம் போய் 7 சதவீதமே நின்றால் 7.61 லட்சம். ஒரு சதவீதம்தானே என்று விட்டதில் கிட்டத்தட்ட கால்வாசி போய்விட்டது! இந்தக் கட்டணத்துக்குத் தனியாக பில் வராது. ஃபண்டின் மதிப்பிலிருந்தே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிவதால் கண்ணில் படுவதில்லை.

"நீண்ட காலம் வைத்திருந்தால் போதும்" என்பதும் பாதி உண்மைதான். ஜப்பானின் நிக்கேய் குறியீடு 1989 இறுதியில் 38,915-ல் முடிந்தது. அந்த உயரத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். உச்சத்தில் மொத்தப் பணத்தையும் போட்டவருக்கு, டிவிடெண்ட் (நிறுவனங்கள் பங்குதாரருக்குத் தரும் லாபப் பங்கு) தவிர, 34 ஆண்டுக் காத்திருப்பு. இடையில் சரிந்த விலையிலும் மாதாமாதம் வாங்கியவரின் சராசரி விலை இதைவிட மிகவும் குறைவு. அதனால் ஒரே நாட்டுச் சந்தையை மட்டும் நம்பாதீர்கள்; சம்பளம் வந்த மறுநாளே ஒரு தொகை தானாகக் கழியும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றால் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது.

முதலீட்டை 70 சதவீதம் பங்கு, 30 சதவீதம் கடன் பத்திரம் (அரசுக்கோ நிறுவனத்துக்கோ வட்டிக்குக் கொடுக்கும் கடன்) என்று பிரித்துத் தொடங்கியது, ஏறிய சந்தையில் 80-க்கு 20 ஆகியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, மறுபடி 70-க்கு 30 ஆகச் சரிசெய்தால் போதும். விற்றால் வரி வரும் என்றால் விற்க வேண்டாம். அடுத்த சில மாதத் தொகையைக் கடன் பத்திரத்துக்குத் திருப்பிவிடுங்கள்.