அம்மா சொன்ன நகக்கீறல்

"தம்பி கையை நான் விட்டுட்டேன்." 2004 டிசம்பர் 26 சுனாமி பற்றி இத்தனை வருடமாக எனக்குள் இருந்த கதை இந்த ஒரு வரிதான். நாகப்பட்டினம் பக்கத்து அக்கரைப்பேட்டை, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி வாக்கில். எனக்கு 11 வயது, அவனுக்கு 6.

போன மாதம் மனநல ஆலோசகர் அந்த நாளை முதலிலிருந்து எழுதச் சொன்னார். 1986-இலேயே ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் மனதை அழுத்துவதை எழுத வைத்தாராம். அப்புறம் வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்ததாம். சரி என்று உட்கார்ந்தேன். முதல் இரண்டு நாள் எழுத்தைவிட அழுகைதான் அதிகம்.

மூன்றாம் நாள் அம்மாவிடம் கேட்டேன், முதல் தடவையாக. அம்மா என் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "முள்ளுல சிக்கிக் கிடந்த உன்னைத் தூக்கிட்டு வந்தப்ப இங்க நாலு நகக்கீறல். ஒரு வாரம் மஞ்சள் வெச்சேன். அவன் புடிச்சது. நீயும் புடிச்சிருக்கடி, இல்லன்னா இவ்வளவு ஆழமாவா கீறும்?"

எனக்கு அந்தக் கீறல் நினைவிலேயே இல்லை.

நோட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினேன்: "ரெண்டு பேரும் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். கடல் பிடுங்கிக்கொண்டு போனது."

நேற்று மகளுக்கு மாங்காய் நறுக்கும்போது, மாமாவுக்கு மிளகாய்த்தூள் தூக்கலாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். அவன் பெயரைச் சொல்லிச் சொன்னேன்.