அண்ணனின் போனில் நின்றுபோன காலண்டர் விட்ஜெட்

அண்ணன் மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் வேன் வைத்து ஹயர், அதாவது வாடகைப் பயணம், ஓடுகிறார். ஹயர் கேட்டு வரும் அழைப்புகளை நான்தான் எடுப்பேன். வண்டி ஓட்டும்போது அவர் போனைக் கையில் எடுக்கக்கூடாது என்பது வீட்டில் எல்லோருமாகச் செய்த முடிவு. நாள், நேரம், ஆளை ஏற்ற வேண்டிய இடம், வாங்கிய அட்வான்ஸ் எல்லாவற்றையும் இரண்டு போனிலும் தெரிகிற ஒரு காலண்டரில் நான் போட்டுவிடுவேன். ஆப்பைத் திறக்காமலே பதிவுகளைக் காட்டுகிற சதுரம், அதாவது விட்ஜெட், ஒன்றை முதல் திரையில் பெரிதாக வைத்திருக்கிறார், அதில் பார்த்துக்கொள்வார். ஆப்பைத் திறந்து உள்ளே தேடிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அதற்கு அவசியமும் இருக்கவில்லை. ஆடியில் கதிர்காமம், தீர்த்தத்திற்கு மாமாங்கம், நள்ளிரவில் கட்டுநாயக்க விமான நிலையம் என்று எல்லாமே அந்த ஒரு சதுரத்தைப் பார்த்துத்தான் ஓடின.

அந்த விட்ஜெட் ஒரு நாள் நின்றுபோனது. காலி ஆகியிருந்தாலோ பிழை என்று எதையாவது காட்டியிருந்தாலோ உடனே கவனித்திருப்போம். அது முடிந்துபோன புதன்கிழமையின் ஹயர்களை, எந்தக் குறையும் இல்லாததுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. அன்று வெள்ளி. மாலையில் அண்ணன் கோல் எடுத்துச் சொன்னார்: "டேய், இண்டைக்கு ஒண்டும் காட்டல்ல. நான் வேனை சேர்விசுக்கு விடப்போறன்."

"அண்ணே, விடாதீங்க. இரவைக்கு மகரகம இருக்கு."

குருக்கள்மடத்தில் இருந்து ஓர் அம்மாவை மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி கிளினிக்கிற்குக் கூட்டிப்போக வேண்டிய பயணம் அது. இங்கிருந்து பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவே வெளிக்கிட்டால்தான் காலையில் வரிசைக்குப் போய்ச் சேரலாம். வேன் கராஜில் நின்றிருந்தால் அந்த அம்மாவுக்கு அந்தக் கிளினிக் தவறியிருக்கும். அதனால்தான் இதை ஒரு சின்னப் போன் கோளாறு என்று என்னால் விட முடியவில்லை.

முதலில் போன் கடைக்குத்தான் போனோம். அங்கிருந்த தம்பி பார்த்துவிட்டு, முழுதாக ரீசெட் செய்தால் சரியாகும் என்றார். ரீசெட் செய்தால் போனில் மட்டும் இருக்கிற எல்லாம் போய்விடும். வேனின் வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைப் பரிசோதனை, லீசிங் கட்டு ஆகியவற்றின் நாள்களை அண்ணன் பழைய பழக்கத்தில் போன் காலண்டரிலேயே குறித்து வைத்திருந்தார். அவை எந்தக் கணக்கிலும் ஏறியிருக்கவில்லை. எங்கே பழுது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழிக்க எனக்கு மனம் வரவில்லை. போனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உட்கார்ந்து முதலில் செய்தது ஒரு சோதனை. என் போனில் மறுநாள் காலை ஆறு மணிக்கு 'சோதனை' என்று ஒரு பதிவு போட்டேன். அண்ணனின் போனில் ஆப்பைத் திறந்தேன். பதிவு அங்கே வந்திருந்தது. முதல் திரைக்குத் திரும்பினால் விட்ஜெட்டும் புதுசாகி, சரியான நாளைக் காட்டியது. மறுநாள் விடியப் பார்த்தபோது மறுபடியும் முதல் நாளிலேயே நின்றது.

இந்தச் சின்னச் சோதனைதான் பாதி வேலையை முடித்தது என்பேன். நான் போடும் பதிவு அண்ணனின் கண்ணுக்குப் போய்ச் சேர மூன்று கட்டங்களைத் தாண்டுகிறது. என் போனில் இருந்து இணையத்தில் உள்ள கணக்கிற்குப் போக வேண்டும். அங்கிருந்து அண்ணனின் போனுக்குள் இறங்க வேண்டும், இதைத்தான் சிங்க் என்கிறோம். அப்புறம் ஆப் அதை எடுத்து விட்ஜெட்டில் வரைய வேண்டும். ஆப்பைத் திறந்ததும் பதிவு இருந்ததால், கணக்கிலும் பகிர்விலும் பழுது இல்லை என்று தெரிந்தது. ஆப்பைத் திறந்தால் மட்டும் விட்ஜெட் உயிர்பெறுகிறது என்றால், திறக்காத நேரத்தில் பின்னணியில் அதை யாரோ வேலை செய்ய விடவில்லை. உங்களுக்கு ஆப்பிற்குள்ளேயே பதிவு வரவில்லை என்றால் வழி வேறு: செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் காலண்டர் சிங்க் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பகிர்ந்த காலண்டருக்கு ஆப்பிற்குள் தனியாக ஒரு சிங்க் சுவிட்ச் இருந்தால் அதையும் பாருங்கள்.

விட்ஜெட் எப்படி வேலை செய்கிறது என்று வாசித்த பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. காலண்டருக்குள் நேராகப் பார்க்கிற ஜன்னல் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆப் அவ்வப்போது விழித்து, அந்த நேரத்து நிலையை வரைந்து, முதல் திரையிடம் கொடுத்துவிட்டுத் தூங்கிவிடும். அடுத்த முறை அது விழிக்கும்வரை முதல் திரை அந்தப் பழைய வரைபடத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். ஆண்ட்ராய்ட் தானாக எழுப்பிவிடும் முறையில் அரை மணிக்கு ஒரு முறைக்கு மேல் எழுப்பாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆப் தானே அலாரம் வைத்தோ, பின்னணி வேலை ஒன்றைப் பதிந்தோ எழும்ப வேண்டும். 2015இல் வந்த ஆண்ட்ராய்ட் 6 முதல், சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, அசையாமல் கிடக்கிற போனில் இந்தப் பின்னணி வேலைகளும் சிங்கும் ஒத்திப்போடப்பட்டு, இடைக்கிடை கொஞ்ச நேரம் மட்டும் விடப்படுகின்றன. பற்றரி நிற்க வேண்டும் என்பதற்காகச் செய்தது, நல்லதுதான். ஆனால் இரவு முழுக்க மேசையில் கிடக்கும் போனில், விடியற்காலை விட்ஜெட் கொஞ்சம் பின்தங்கி நிற்கலாம் என்பதும் இதனால்தான்.

கொஞ்சம் பின்தங்குவது வேறு, புதனில் இருந்து வெள்ளிவரை நிற்பது வேறு. அந்த அளவுக்கு நிற்க வேண்டுமென்றால் ஆப்பை முழுதாகவே நிறுத்திவைக்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும்.

போனை அணைத்துப் போட்டேன், விட்ஜெட்டை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன், ஆப்பை அப்டேட் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் சரியாகிவிட்டதுபோல் தெரியும், விடிந்தால் பழையபடிதான். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஆப்பைத் திறந்து பார்த்ததால் அது ஒரு தடவை எழும்பியது, அவ்வளவுதான். ஏமாந்துபோய் வேலை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் இரவு கடந்த பிறகு, ஆப்பைத் தொடாமல் விட்ஜெட்டை மட்டும் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

காரணம் கடைசியில் ஆப்களின் பட்டியலில் கிடைத்தது. போனை வேகமாக்குவதாகவும் பற்றரியைச் சேமிப்பதாகவும் சொல்கிற ஒரு 'கிளீனர்' ஆப் அதில் இருந்தது. அது இரவில் தானாக ஓடி, பின்னணியில் இருக்கிற ஆப்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தது. அதற்காக அணுகல் வசதிக்கான அனுமதியையும் வாங்கி வைத்திருந்தது. பார்வை குறைந்தவர்கள் போன்றோருக்கு உதவுவதற்காக இருக்கிற அனுமதி அது. அதை வைத்துக்கொண்டு ஓர் ஆப், நாம் விரலால் அழுத்துவதுபோலவே திரையை அழுத்தலாம். செட்டிங்ஸில் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதைத்தான் இது ஆப் ஆப்பாகப் போய் அழுத்தியது. அப்படி நிறுத்தப்பட்ட ஆப் வைத்திருந்த அலாரங்களும் பதிந்த வேலைகளும் ரத்தாகிவிடும். நாம் திறக்கும்வரை அது தானாக எழும்பாது. விட்ஜெட்டைத் தொட்டால் ஆப் திறந்து எல்லாம் சரியானதும், மறுநாள் மறுபடி நின்றதும் இப்போது பொருந்தி வந்தன.

என் போன் கொஞ்சம் புதுசு, 2024இல் வந்த ஆண்ட்ராய்ட் 15. அதில் காலண்டர் ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்து பார்த்தேன். விட்ஜெட் சாம்பல் நிறமாகி மங்கிவிட்டது, ஆப்பைத் திறந்த பிறகே நிறம் திரும்பியது. இந்தப் பதிப்பில் இருந்து அப்படித்தான். அண்ணனின் பழைய போனில் இந்த அறிகுறி இல்லை. ஹயர் ஓடுகிறவருக்கு மங்கிப்போன விட்ஜெட்டால் ஆபத்து இல்லை, ஏதோ பிழை என்று பார்த்ததும் தெரியும். தெளிவாகத் தெரிகிற பழைய விட்ஜெட்தான் ஆளைத் தவறான பக்கம் அனுப்பும்.

கிளீனரை நீக்கியதும் நிறையத் தேறியது, ஆனாலும் தூரப் பயண நாள்களில் மட்டும் விட்ஜெட் மணிக்கணக்கில் தாமதித்தது. வழி பார்க்க மேப், இடைக்கிடை அழைப்பு என்று பற்றரி ஓடிவிடும் என்பதால் அண்ணன் அந்த நாள்களில் பற்றரி சேவரைப் போட்டுவிடுவார். அது போட்டிருக்கும்போது பெரும்பாலான ஆப்கள் பின்னணியில் புதுசாவதில்லை, திறந்தால்தான் புதுசாகும். இதற்கு காலண்டர் ஆப்பிற்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். ஆப்பின் தகவல் பக்கத்தில் பற்றரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்பதைத் தெரிவு செய்தேன். சில போன்களில் 'ஸ்லீப்பிங் ஆப்ஸ்' என்று தூங்கவைக்கிற ஆப்களின் பட்டியல் ஒன்று தனியாக இருக்கும், அதில் காலண்டர் இருந்தால் எடுத்துவிட வேண்டும். வேறு சிலவற்றில் 'ஆட்டோஸ்டார்ட்' என்ற அனுமதியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஒரு காலண்டர் ஆப்பிற்கு விலக்குக் கொடுப்பதால் பற்றரி குறைந்ததாக அண்ணன் உணரவில்லை. கூடவே வேனுக்கு நல்ல சார்ஜர் ஒன்றும் வாங்கிக் கொடுத்தேன்.

'காலண்டர் ஸ்டோரேஜ்' என்ற சிஸ்டம் ஆப்பின் டேட்டாவை அழித்தால் எல்லாம் சரியாகும் என்றும் பலர் சொல்வார்கள். பதிவுகள் இரட்டையாக வருகின்றன, சிங்க் பாதியில் சிக்கி நிற்கிறது என்றால் அது உதவும். கணக்கில் இருப்பவை திரும்ப இறங்கிவிடும். ஆனால் போனில் மட்டும் இருந்தவை திரும்பாது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் முதலில் ஒவ்வொரு பதிவையும் திறந்து, அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அண்ணனின் லைசன்ஸ், இன்சூரன்ஸ் நாள்களை எல்லாம் நான் ஒரு மாலை இருந்து பகிர்ந்த காலண்டருக்கு மாற்றி எழுதினேன். அதை எப்போதோ செய்திருக்கலாம் என்று அண்ணியும் சொன்னார், இப்போது அவரும் தன் போனில் அந்த நாள்களைப் பார்க்கிறார்.

இதைக் கேள்விப்பட்டு மச்சான் ஒருவர் தன் போனையும் கொண்டுவந்தார். டோஹாவில் இருந்து திரும்பியவர். அவருடைய விட்ஜெட் நிற்கவில்லை, ஆனால் எல்லாப் பதிவும் இரண்டரை மணி முந்திக் காட்டியது; நாளும் இரவு இரண்டரைக்குத்தான் மாறியது. காலண்டர் ஆப்பிற்குள் நேர வலயம் கத்தாருக்கே நிலையாக வைக்கப்பட்டிருந்தது. போனின் நேர வலயத்தையே பயன்படுத்து என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. பார்வைக்கு ஒரே நோய்போல இருந்தாலும் இதற்கும் பற்றரிக்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது அண்ணனின் விட்ஜெட் ஒழுங்காக ஓடுகிறது. நாளும் திகதியும் மேலே பெரிதாகத் தெரிகிற வடிவத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறோம், ஹயரைப் பார்க்கும் முன் திகதியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். போன் சிஸ்டம் அப்டேட் ஆன பிறகு அன்ரெஸ்ட்ரிக்டட் அப்படியே இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுவேன். மறுநாளோ அதற்குப் பிறகோ இருக்கிற ஹயர் என்றால் காலண்டரில் போட்டால் போதும். அன்றைக்கே வருகிற ஹயர் என்றால், விட்ஜெட் அரை மணி தாமதிக்கலாம் என்பதால், காலண்டரிலும் போட்டுவிட்டு அண்ணிக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லிவிடுகிறேன்.