கேட்டுவிட்டு நுழையும் காடு

காங்கேயத்துக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்து வீடான சாளையின் முன்னால் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, என் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தைப் பெரியப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பனி மூடிய காட்டில், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் அணிந்து, தோளில் துப்பாக்கியுடன் நான் நிற்கும் படம் அது. மான் எவ்வளவு பெரிது, குளிர் எத்தனை டிகிரி என்றெல்லாம் மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும், "ஏந்தம்பி, இது ஆரு காடு? துப்பாக்கியத் தூக்கிட்டு உள்ள போனா காட்டுக்காரன் சும்மா உடுவானா?" என்று கேட்டார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் வடபகுதியில் 2011 முதல் வாழ்ந்துவரும் நான், அந்த ஊரில் மனிதரோடு மனிதராகக் கலப்பதற்குப் பெரும்பாடுபட்டுக் கற்றுக்கொண்டது அந்தக் கேள்விக்கான விடையைத்தான். அதனால் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் வேட்டை என்பது இப்போது பேச்சில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அப்பாரு (தாத்தா) காலத்தில் முயலுக்கு வலை கட்டிய கதைகளைக் கேட்டு வளர்ந்தோமே தவிர, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பிறந்த எங்களில் யாரும் வேட்டைக்குப் போனதில்லை. அது சரியான சட்டம் என்பதே என் எண்ணம். விஸ்கான்சினில் நிலைமை வேறு. அங்கே வெள்வால் மான்கள் மிகுதி. நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள்கள் துப்பாக்கி வேட்டைக்கு அனுமதி உண்டு. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு உரிமம் வாங்குகிறார்கள். நான் வேலை பார்க்கும் பாலாடைக்கட்டி ஆலையில் அந்த வாரம் பாதிப்பேர் விடுப்பில் இருப்பார்கள். மீதிப்பேர் உணவு இடைவேளையில் பேசும் பேச்சு முழுவதும் மானாகவே இருக்கும். நான்கு ஆண்டுகள் அந்தப் பேச்சுக்கு வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, ஐந்தாம் ஆண்டு நானும் போக முடிவு செய்தேன்.

வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே கூட்டரசுச் சட்டம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் மட்டும் விலக்கு உண்டு. பச்சை அட்டைக்குப் பல ஆண்டுகளாக வரிசையில் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு துப்பாக்கியைத் தொட்டாலும் வாழ்க்கையே தடம் புரண்டுவிடும். 1973 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் உரிமம் வாங்க வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஆசிரியர் ஓய்வுபெற்ற ஒரு பால்பண்ணைக்காரர். குறிபார்ப்பதைப் பற்றி அவர் பேசியதைவிட நிலத்தைப் பற்றிப் பேசியதே அதிகம்.

அந்த நிலத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாட்டின் பெரும்பகுதியை ஒரு மைல் சதுரக் கட்டங்களாக அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். அதைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் நாற்பது ஏக்கர். "எங்கள் பின்பக்க நாற்பது" என்று அவர்கள் சொல்வது, நம் ஊரில் விளைநிலத்தை "மேக்காடு, கெழக்காடு" என்று சொல்வதைப் போன்றது. எந்த நாற்பது யாருடையது என்பதைக் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) வாரியாக அச்சிட்ட நிலவரைபடப் புத்தகத்திலும், இப்போது கைப்பேசிச் செயலியிலும் பார்த்துக்கொள்ளலாம். பட்டாவுக்கும் புலப்படத்துக்கும் தாலுகா அலுவலகத்தில் நின்ற எனக்கு அது பெரிய வியப்பாக இருந்தது. தனியார் நிலங்களுக்கு நடுவே பொது நிலங்களும் பெரும் பரப்பில் உள்ளன. செக்குவாமகன்-நிக்கோலே தேசியக் காடு மட்டும் ஏறத்தாழ 15 லட்சம் ஏக்கர். கவுண்டிகளுக்குச் சொந்தமான காடுகள் ஏறத்தாழ 24 லட்சம் ஏக்கர். இவை போக, தனியாருக்குச் சொந்தமாக இருந்தாலும், வரிச்சலுகைக்கு ஈடாகப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட காடுகளும் உண்டு. மற்றபடி தனியார் நிலத்தில், எச்சரிக்கைப் பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், உரியவரின் ஒப்புதல் இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

ஒப்புதல் கேட்பதற்கென்று அங்கே ஒரு முறை இருக்கிறது. வேட்டை நவம்பரில் என்றால் ஆகஸ்டிலேயே போய்க் கேட்க வேண்டும். பகலில், துப்பாக்கி இல்லாமல், அழுக்கில்லாத உடையில், முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எங்கே வண்டியை நிறுத்துவேன், எந்தப் பக்கமாக நுழைவேன், யார் யார் வருவோம் என்பதை நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். மறுத்துவிட்டால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். திறந்திருந்த கடவைத் திறந்தபடியும் மூடியிருந்த கடவை மூடியபடியும் விட்டுப் போக வேண்டும் என்று ஆசிரியர் சொன்னபோது எனக்குக் கொறங்காடு நினைவுக்கு வந்தது. ஆடு மேயும் கொறங்காட்டின் படலைத் திறந்து போட்டுவிட்டு வந்ததற்காகப் பத்து வயதில் அப்பாருவிடம் வாங்கிய அடி அவ்வளவு லேசில் மறக்கக் கூடியதன்று.

ஆனால் ஆகஸ்டு வந்தபோது ஒரு வீட்டுக் கதவைக்கூட என்னால் தட்ட முடியவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. வியட்நாம் போருக்குப் பிறகு லாவோசிலிருந்து அகதிகளாக வந்த ஹ்மாங் மக்கள் விஸ்கான்சினில் நிறைய இருக்கிறார்கள், வேட்டையில் தேர்ந்தவர்கள். 2004 நவம்பர் 21 அன்று சாயர் கவுண்டியில், தனியார் நிலத்தில் இருந்த ஒரு பரணில் ஹ்மாங் வேட்டைக்காரர் ஒருவர் ஏறி அமர்ந்திருந்தார். அவருக்கும் அந்நிலத்துக்காரரின் குழுவினருக்கும் மூண்ட வாக்குவாதம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்து, ஆறு பேர் இறந்தனர், இருவர் காயமடைந்தனர். தன்னை இனத்தைச் சொல்லி இழிவாகத் திட்டினார்கள் என்றும், முதலில் தன்னை நோக்கித்தான் சுட்டார்கள் என்றும் அவர் நீதிமன்றத்தில் சொன்னார். உயிர் பிழைத்தவர்கள் முதற்சூடு தங்களுடையதன்று என்றனர். அவருக்கு ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. 2007 ஜனவரியில் மாரினெட் கவுண்டியில், பொது நிலத்தில் அணில் வேட்டைக்குப் போன ஒரு ஹ்மாங் இளைஞரை வெள்ளையரான இன்னொரு வேட்டைக்காரர் கொன்றார். ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஹ்மாங் நண்பர் இவ்விரண்டையும் எனக்குச் சொன்னபோது அவருடைய குரல் தாழ்ந்துவிட்டது. "காட்டில் யாராவது எதிர்ப்பட்டால், வலது கை தெரியும்படி உயர்த்தி, நீயே முதலில் வணக்கம் சொல். குரலை உயர்த்தாதே. உன் பக்கம் நியாயம் இருந்தாலும் இடத்தைவிட்டு நகர்ந்துவிடு, மானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பழுப்புத் தோலோடு, கையில் துப்பாக்கியோடு, அடுத்தவர் நிலத்தின் ஓரத்தில் நிற்பது எப்படிப்பட்ட நிலை என்பதை நம்மவர்கள் யாரும் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே முதலிரண்டு ஆண்டுகள் பொது நிலத்துக்கே போனேன். அங்கே யாரையும் கேட்க வேண்டியதில்லை, அதனால் தொல்லையும் இராது என்று நினைத்தேன். உண்மையில் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலானவை பொது நிலத்தில் நடந்தவை. தனியார் நிலத்தில் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார். அவர் ஆம் என்பார் அல்லது இல்லை என்பார், அத்தோடு முடிந்தது. பொது நிலத்தில் முதலில் வந்து அமர்ந்தவருக்கு அன்றைக்கு இடம் என்பதே வழக்கம். முப்பது ஆண்டுகளாக ஒரே சரிவில், ஒரே சீமை ஆலமரம் போன்ற கிழட்டு ஓக் மரத்தடியில் அமர்ந்து வந்த ஒருவருக்கு அந்த இடம் தன்னுடையது என்றே தோன்றிவிடுகிறது. அவருடைய தகப்பனார் அமர்ந்த இடமாகவும் அது இருக்கும். பரண் ஒன்றைக் கட்டிவைத்துவிட்டால் இடமே சொந்தமாகிவிட்டது என்று எண்ணுகிறவர்களும் உண்டு; சட்டத்தில் அப்படி ஏதுமில்லை. ஒரு குழு வரிசையாக நடந்து மான்களைக் கலைத்து ஓட்டும்போது, நடுவில் அமைதியாக அமர்ந்திருப்பவரின் நாள் முழுவதும் பாழாகிவிடும். அதிலும் நிறையச் சண்டைகள் மூளும்.

என் முதல் தவறும் பொது நிலத்தில்தான் நடந்தது. வேட்டையின் முதல் நாள், விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு, நெற்றி விளக்கோடு, உறைந்த சதுப்பின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். வண்டி நிறுத்துமிடத்தில் ஏற்கெனவே ஒரு டிரக் நின்றதைப் பார்த்திருந்தும், அதன் பொருளை நான் யோசிக்கவில்லை. திடீரென்று எனக்கு மேலே, ஒரு மரத்திலிருந்து சிறிய சிவப்பு விளக்கு இரண்டு முறை மின்னியது. பரணில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் மூன்று மணி நேரம் முன்பே வந்து, மான்கள் வரும் தடத்தைப் பார்த்தபடி இருந்த இடத்தின் குறுக்கே, சுள்ளிகளை முறித்துக்கொண்டு நான் நடந்திருக்கிறேன். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. தாழ்ந்த குரலில், "தெற்கே ஓடையைத் தாண்டிப் போ. அங்கே யாருமில்லை. என் பக்கம் மட்டும் சுடாதே" என்றார். அன்று மாலை அவருடைய டிரக்கின் அருகே காத்திருந்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். நிறுத்துமிடத்தில் வண்டி நின்றால், அதன் சொந்தக்காரர் எந்தப் பக்கம் போயிருக்கக் கூடும் என்று சுவடு பார்த்து, எதிர்ப்பக்கம் போக வேண்டும் என்பதை அவர்தான் கற்பித்தார். மூன்றாம் ஆண்டு, அவருக்குத் தெரிந்த ஒரு பண்ணைக்காரரிடம் என்னை அழைத்துப் போனவரும் அவரே. அந்தப் பண்ணைக்காரர் ஒப்புக்கொண்டார். அந்தக் கோடையில் இரண்டு சனிக்கிழமை அவருடைய கம்பிவேலியைச் சரிசெய்து கொடுத்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மானிறைச்சியில் ஒரு பங்கு அவர் வீட்டுக்குப் போகிறது.

2019இல் நடந்ததை மறக்க முடியாது. அந்தப் பண்ணைக்காரரின் நாற்பதில் அமர்ந்து நான் சுட்ட மான், அடிபட்டும் விழாமல் ஓடியது. அரைமணி நேரம் காத்திருந்துவிட்டுப் பின்தொடர்ந்தேன். பனியில் முதலில் பொத்தான் அளவுச் சிவப்புத் துளிகள். பிறகு ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நுரைத்த இரத்தம். பிறகு முள்கம்பி வேலி. நடுக்கம்பியின் முள்ளில் வெண்ணிற வயிற்று முடிக் கொத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கு அப்பால் இருபது அடியில் தடம் தொடர்ந்தது. அது வேறொருவர் நிலம். அடிபட்ட உயிரைத் தவிக்கவிடுவது பெரும்பாவம் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவும் ஒப்புதலின்றி வேலியைத் தாண்டக் கூடாது என்பது விஸ்கான்சின் சட்டம். துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு, ஒன்றரை மைல் சுற்றிப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் பெயர், யார் நிலத்தில் வேட்டையாடுகிறேன், மான் எங்கே கடந்தது, துப்பாக்கி எங்கே இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போனார். வாசலில் நின்ற அந்த நான்கைந்து நிமிடங்கள் எனக்கு மிகவும் நீண்டவை. பிறகு காலணியை மாட்டிக்கொண்டு வந்து, "வா, நானும் வருகிறேன். இருட்டுவதற்குள் தேடிவிடலாம்" என்றார். வேலியிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில் மான் இறந்து கிடந்தது.

இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, "சுத்தி நாலு பக்கமும் அடுத்தவன் காடு, நடுவுல பொதுக்காடுன்னா எப்படிப் போவீங்க?" என்றார். அதுவே அந்த நாட்டில் அண்மையில் பெரிய வழக்காக நடந்தது. வயோமிங் மாநிலத்தில், 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைக்காகக் கட்டம் விட்டுக் கட்டம் நிலத்தைக் கொடுத்ததால், பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகையைப் போல மாறி மாறிக் கிடக்கின்றன. இரண்டு பொதுக் கட்டங்கள் ஒரு முனையில் மட்டும் தொட்டுக்கொள்ளும். மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் 2021இல் அந்த முனையில் ஓர் ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஒரு பொதுக் கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கினார்கள். அத்துமீறல் என்று குற்றவழக்கு நடந்து 2022இல் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். நிலத்துக்காரர் தன் நிலத்துக்கு மேலுள்ள வானவெளியைக் கடந்தார்கள் என்று தனியே நட்டஈடு கேட்டார்; 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்களின் பக்கமே தீர்ப்பளித்தது. பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு அடிப்படையானது. "அங்கயும் இட்டேரிப் பிரச்சினைதானா!" என்று பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் காட்டுக்கும் மேற்கே உள்ள காட்டுக்கும் நடுவே ஓடும் வண்டித்தடமான இட்டேரியில் பத்து ஆண்டுகளாகப் பகை. இருபுறமும் கிளுவை வேலி. ஒரு காலத்தில் பார வண்டி இரண்டு ஒதுங்கிப் போன தடம், இப்போது பால் வண்டி திரும்ப முடியாத அளவுக்குக் குறுகிவிட்டது. மேக்காட்டுக்காரர்தான் வேலியைத் தள்ளி நட்டார் என்பது எங்கள் வீட்டின் முடிவான கருத்து. தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருந்தார் பெரியப்பா. "ஒரு தடவை நேர்ல போய்க் கேட்டுப் பார்த்தீங்களா பெரீப்பா?" என்றேன். அவர் பேசவில்லை.

மறுநாள் மாலை நானே போனேன். மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?" என்றார். எதற்கு வந்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். தவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க பெரியப்பா ஒரு வார்த்தை கேக்கலீங்களே. கேட்டிருந்தா அன்னிக்கே வெட்டியிருப்பேனுங்க. காலைல வாங்க, கயிறு புடிச்சுப் பாத்துடலாம்" என்றார்.

காலையில் சர்வே கல்லிலிருந்து கயிறு பிடித்தோம். அவருடைய வேலி ஒன்றரை முழம் உள்ளே வந்திருந்தது. எங்கள் வேலி இரண்டு முழம் வந்திருந்தது. பெரியப்பா கல்லையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு சொல்லும் பேசாமல் சாளைக்குப் போய், தன்னுடைய அரிவாளை எடுத்து வந்தார். வெட்டிய கிளுவைப் போத்துகளை வீணாக்காமல், பின்தள்ளி இருபுறமும் நட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னும் கால் பங்கு மிச்சமிருக்கிறது.