50 லட்சம் ரூபாய்க் கடிதம்

மாரி மழைக்குள் தபால்காரர் வந்து பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார். சட்டத்தரணி ஒருவரின் கோரிக்கைக் கடிதம். தன் கட்சிக்காரரின் நற்பெயரைக் கெடுத்ததற்கு 14 நாளுக்குள் 50 லட்சம் ரூபாய் மானநட்டம் கட்ட வேண்டுமாம், இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்றில் வழக்காம். என்னிடம் இருந்ததோ இரண்டு ஏக்கர் மானாவாரிக் காணியும் லீசிங் முடியாத மோட்டார் சைக்கிளும்தான்.

வீட்டுத்திட்டப் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. அப்பா இல்லாத குடும்பம், மீள்குடியேறிய நாளிலிருந்து தகரக் கொட்டில். பட்டியல் போட்ட உத்தியோகத்தர் மேல் கோபம் வந்து, ஒரே இரவில் பிரதேச செயலாளருக்கு முறைப்பாடு எழுதினேன். "லஞ்சம் வாங்கிப் பெயர் மாற்றிய கள்ளன்" என்று ஒரு வரி. அத்தோடு விட்டிருக்கலாம். அதைப் படம் பிடித்துப் பேஸ்புக்கிலும் போட்டேன். லைக் விழ விழ உச்சி குளிர்ந்தது உண்மை.

"பொலிஸ் வந்து ஏத்தப் போகுது, கொஞ்ச நாள் மாமா வீட்டில போய் நில்" என்றார் சித்தப்பா. நான் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே நான் தேடிப் போன சட்டத்தரணி கோரிக்கைக் கடிதத்தைச் சும்மா புரட்டிவிட்டு, என் முறைப்பாட்டைத்தான் நெடுநேரம் வாசித்தார். 'லஞ்சம்', 'கள்ளன்' இரண்டையும் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார்.

"தம்பி, காசு குடுத்ததைக் கண்டது ஆர்?"

"சனம் கதைக்குது, சேர்."

பேனையை மூடி வைத்துவிட்டார்.

பிறகுதான் விளங்கப்படுத்தினார். அவதூறு இலங்கையில் 2002இலேயே குற்றவியல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. அதற்காகப் பொலிஸ் வந்து பிடிக்காது. ஆனால் இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி நட்டஈட்டு வழக்குப் போடலாம். மேலதிகாரிக்கு நல்லெண்ணத்தோடு எழுதிய முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் ஓரளவு பாதுகாப்பு உண்டு. வன்மம் இருந்தால் அது போய்விடும். சம்பந்தமில்லாத ஊருக்கே காட்டினால் அந்தப் பாதுகாப்பைக் கேட்கவே முடியாது. உண்மை என்று வாதாடுவதென்றால் உண்மையாகவும் இருக்கவேண்டும், பொதுநன்மைக்காகவும் சொல்லியிருக்கவேண்டும். "முறைப்பாட்டுக்கு ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பேஸ்புக்குக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அன்றே பதிவை அழித்தேன். கெடு முடிய முதல் பதில் போனது: அந்த இரண்டு சொற்களையும் மீளப்பெறுகிறேன், தெரிவு பற்றிய முறைப்பாடு அப்படியே நிற்கும். மீளப்பெறக் கைக்கு மனமே வரவில்லை. அவர் எழுதி நீட்டியதை இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்ததாக, 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வீட்டுத்திட்டத் தெரிவுக்கு அம்மாவுக்குப் புள்ளி போட்ட புள்ளித்தாளைக் கேட்டேன். தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். பதின்மூன்றாம் நாள் போட்டோப் பிரதி வந்தது. 'தற்போதைய வீட்டின் நிலை' என்ற இடத்தில், 'நிரந்தர வீடு' என்ற பெட்டிக்குள் நீல மையால் ஒரு சரி.

லஞ்சமோ, கவனயீனமோ, அந்தச் சரி சொல்லாது. ஆனால் எங்கள் கொட்டில் நிரந்தர வீடு இல்லை என்பதை எவரும் வந்து பார்க்கலாம். புது முறைப்பாடு ஒரு பக்கந்தான்: புள்ளித்தாளின் பிரதி, கொட்டிலின் இரண்டு படங்கள், கிராம அலுவலரின் கடிதம். பிரதேச செயலாளருக்கு ஒன்று, மாவட்ட அரசாங்க அதிபருக்கு ஒன்று, வேறு எவருக்கும் இல்லை.

வழக்கு இதுவரை வரவில்லை. கள ஆய்வுக்கு வேறோர் உத்தியோகத்தர் வந்து, தகரத்தில் தட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தா.