ஆரஞ்சுப் பொடி, பச்சை ஆறு

புனித பேட்ரிக் திருநாளுக்காகச் சிகாகோ ஆற்றுக்குப் பச்சைச் சாயம் ஏற்றுவதைப் பார்க்க, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே கரையோர வேக்கர் டிரைவ் சாலைக்குப் போய்விட்டோம். அப்போதே கைப்பிடிச் சுவரை ஒட்டி மூன்று வரிசை ஆட்கள். பச்சைத் தொப்பி, பச்சைத் துண்டு, கன்னத்தில் மூவிலைச் சின்னம். மார்ச் மாதத்துச் சிகாகோ குளிரில் விரல் மரத்துப்போனது. ஆறு மட்டும் அதன் வழக்கமான மங்கல் நிறத்தில் கிடந்தது.

பத்து மணிவாக்கில் படகு வந்தது. அதிலிருந்தவர்கள் கையில் மாவு சலிக்கும் சல்லடை. சலிக்கச் சலிக்க விழுந்த பொடி பச்சை இல்லை, நல்ல ஆரஞ்சு! தண்ணீரைத் தொட்டதும் பச்சையாய் விரிந்தது. பின்னாலேயே இன்னொரு சின்னப் படகு வளைந்து வளைந்து ஓடி அதைக் கலக்கிவிட்டது. நாற்றங்காலில் காலை வெயில் விழும்போது தெரியுமே, அந்தப் பச்சை. கூட்டத்தோடு நானும் கத்தினேன்.

அயர்லாந்துக்காரர்களின் இந்தத் திருநாளுக்காக இதைச் செய்கிறவர்கள் பிளம்பர்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எந்தக் கட்டடத்தின் கழிவு திருட்டுத்தனமாக ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்க, அந்தக் காலத்தில் குழாயில் சாயத்தை ஊற்றிப் பார்ப்பார்கள். அந்த வேலை முடித்து வந்த ஒருவரின் வெள்ளை உடையில் படிந்திருந்த பச்சைக் கறையைப் பார்த்துத்தான், லோக்கல் 130 என்ற பிளம்பர் சங்கத்தின் ஸ்டீபன் பெய்லிக்கு இந்த யோசனை வந்ததாம். மேயர் ரிச்சர்ட் ஜே. டேலியும் ஒத்துக்கொண்டார். 1962-இல் 100 பவுண்டு சாயம் கொட்டினார்கள். ஆறு ஒரு வாரம் பச்சையாகவே ஓடியது. இப்போது 40 பவுண்டுதான். எண்ணெய் சார்ந்த சாயத்துக்குச் சூழலியலாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1966 முதல் தாவரச் சாயம். அதன் செய்முறை இன்றும் ரகசியம்.

குடிநீர் தரும் மிச்சிகன் ஏரியில் சாக்கடை கலக்கக்கூடாது என்று 1900-இல் ஓட்டமே திருப்பிவிடப்பட்ட ஆறு இது. அத்தனை அழுக்கைச் சுமந்த தண்ணீருக்கு வருடத்தில் ஒரு நாள் இப்படி ஒரு அலங்காரம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மதியம் கொலம்பஸ் டிரைவில் ஊர்வலம்; பேக்பைப் என்ற காற்றுப்பை வாத்தியம் முழங்க, சங்கத்துக்காரர்கள் நடந்து போனார்கள். கைவலிக்கத் தட்டினேன்.

சாயங்காலம் மிச்சிகன் அவென்யூ பாலத்துக்குத் திரும்பி வந்தோம். பச்சை கொஞ்சம் வெளிறியிருந்தது. ஒரு சிறுமி அப்பாவின் தோளில் உட்கார்ந்து, இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.