இதர செலவு 850

சேலம் அஸ்தம்பட்டி கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தேன். கட்சிக்காரருக்கு பில் எழுதுவதும் என் வேலைதான். சீனியர் பில்லில் எப்போதும் மூன்றே வரி: ஃபீஸ், ஸ்டாம்ப், இதர செலவு.

1996இல் செவ்வாய்ப்பேட்டையில் அச்சகமும் ஒரு மாதப் பத்திரிகையும் நடத்திய இரண்டு பார்ட்னர்கள் பிரிந்தார்கள். கால் பங்கை விற்றுவிட்டு விலகியவர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏங்க, இதர செலவு எண்ணூத்தி அம்பதுன்னு போட்டிருக்கீங்களே, அது எதுக்குங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்து சொலிசிட்டர் (வக்கீல்) பில்லில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கட்சிக்காரரை ஒரு தடவை பார்த்துப் பேசினால் 6 ஷில்லிங் 8 பென்ஸ். கடிதம் எழுதினால் அது தனி. பத்திர வரைவு என்றால் 72 சொல் ஒரு ஃபோலியோ என்று எண்ணிக் காசு. 6 ஷில்லிங் 8 பென்ஸ் என்பது ஏதோ விசித்திரமான தொகை மாதிரி தெரியும். அப்போது ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பவுண்டுக்கு 240 பென்ஸ். இது 80 பென்ஸ், சரியாக மூன்றில் ஒரு பங்கு. நம்ம பழைய ரூபாயில் 5 அணா 4 தம்பிடி மாதிரி.

அங்கேயும் ஒரு பத்திரிகைப் பங்குத் தகராறு உண்டு. 1850இல் நாவலாசிரியர் டிக்கன்ஸ் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' பத்திரிகையில் பாதி அவருக்கு, கால் பங்கு அச்சிட்டு வெளியிட்ட பிராட்பரி அண்ட் எவன்ஸுக்கு, மீதி இன்னும் இரண்டு பேருக்கு. மனைவியைப் பிரிந்தது பற்றி டிக்கன்ஸ் எழுதிய அறிக்கையை பிராட்பரி அண்ட் எவன்ஸ் தங்கள் 'பஞ்ச்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையில் போடவில்லை. அதில் முறிந்த உறவு சான்சரி என்ற லண்டன் கோர்ட் வரை போய், 1859 மே 16 அன்று பத்திரிகையே ஏலத்துக்கு வந்தது. 3,550 பவுண்டுக்கு டிக்கன்ஸ் தரப்பே எடுத்தது. அதற்குள் எத்தனை சந்திப்பு, எத்தனை கடிதம்! அத்தனையும் பில்லில் ஒவ்வொரு வரி. டிக்கன்ஸே பதினைந்து வயதில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவர்தான், எங்க ஜாதி.

சொல்லுக்குக் காசு என்றால் பத்திரம் நீளத்தானே செய்யும்? நம்ம கிரயப் பத்திரத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று டைப் அடிக்கும்போதெல்லாம், ஃபோலியோ கணக்கு இங்கேயும் இருந்தால் நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம் வாங்கியிருப்பேன் என்று தோன்றும்.

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு அன்று சாயந்திரமே அந்த எண்ணூற்று ஐம்பதைப் பிரித்து எழுதினேன். டைப்புக்கு இவ்வளவு, நகல் மனுவுக்கு, ஆட்டோவுக்கு, ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் டீக்கு. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். ஆட்டோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. டீயில் விரல் நின்றது.

"ரெண்டு டீயாங்க? நான் அன்னிக்கு விரதமுங்களே."

அடித்துவிட்டேன்.